பெரிய அம்மா

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். அதற்குத் தண்டனையாக, பான் நகரத்தில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை பேருடைய விண்ணப்பப் படிவங்களையும் நிரப்புகிறவளும் நான்தான். வீசா நீடிப்பு, வீட்டு மாற்றம், பாலர் பள்ளியில் இடம், உடைந்த மூக்குக்கண்ணாடிக்குக் காப்புறுதி, எல்லாம் எங்கள் குசினி மேசைக்கு வரும். வருகிறவர்கள் தேநீர் குடிப்பார்கள். "பிள்ளைக்கு ஏன் இன்னும் ஒண்டும் சரிவரேல்லை?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்பார்கள். பிறகு நான் எழுதிய கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு போவார்கள். ஜேர்மன் இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு பதிப்பகத்தில் சம்பளமில்லாத இரண்டாவது பயிற்சியில் இருந்தேன். ஆறு வருடம் படித்த இலக்கியம் முழுவதும் 'மதிப்பிற்குரிய அம்மணி, ஐயா' என்று தொடங்கும் கடிதங்களில் கரைந்துகொண்டிருந்தது.

அதனால் 2006 ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா ஒரு தாய்லாந்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து கதவடியில் நின்றபோது நான் சிரிக்கவில்லை.

"கவி, இவ என்னோட வேலை செய்யிறவ. பேர் ஓய்."

"என்ன பேர்?"

"ஓய். நான் என்ன செய்ய, அவையின்ர நாட்டில அப்பிடி ஒரு பேர். கரும்பு எண்டு அர்த்தமாம். வேலையில நான் கூப்பிட்டா ஆம்பிளையள் எல்லாம் திரும்பிப் பாக்கினம்."

ஓய் இரண்டு கைகளையும் கூப்பி என்னை வணங்கினாள். முப்பது வயதிருக்கும். கை விரல்களின் தோல் அம்மாவின் விரல்களைப் போலவே வெந்து உரிந்திருந்தது. இரண்டு பேருக்கும் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. பெரிய கட்டில் விரிப்புகளை ஒருத்தி ஒரு முனையிலும் மற்றவள் மறுமுனையிலும் பிடித்து, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அப்படி இருநூறு விரிப்பு. இரண்டு வருடமாக இவர்கள் இருவரும்தான் சோடி.

"இவவின்ர பிள்ளை ஊரில. ஆறு வயசு. ஓகஸ்டில பள்ளிக்கூடம் தொடங்கேக்கை இஞ்ச நிக்கோணும். நான் சொன்னனான், என்ர மகள் எழுதினா அவங்கள் மறுபேச்சுப் பேச மாட்டாங்கள் எண்டு."

"உங்களை ஆர் அப்பிடிச் சொல்லச் சொன்னது?"

"சொல்லிப்போட்டன். இனி எழுது."

ஓயின் கணவர் மன்ஃப்ரெட் தூர தேசங்களுக்கு லொறி ஓட்டுகிறவர். நல்ல மனிதர் என்று அம்மா சொன்னார். கடிதத்தின் நெடி பட்டாலே லொறியில் ஏறிவிடுவார் என்றும் சொன்னார். படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போலந்துக்குப் போயிருந்தார். மிச்சம் ஒன்றுதான். பிள்ளை இப்போது யாரிடம், எப்படி வளர்கிறாள், ஏன் இங்கே வர வேண்டும் என்று விளக்கி ஒரு கடிதம் வைக்க வேண்டும்.

அதற்கென்ன, என்று நினைத்தேன். பேனாவை எடுத்தேன்.

எனக்கும் ஓய்க்கும் பொது மொழி ஜேர்மன். அந்தப் பேச்சை இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். ஓயின் ஜேர்மனில் வினைச்சொற்களுக்குக் காலமும் இல்லை, ஆளும் இல்லை. சொற்களைச் சலவைத் துணிகளைப் போல ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பிள்ளை எங்கே இருக்கிறாள்?"

"யசோதோன். கிராமம்."

"யசோதை ஊரோ?" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. நான் எழுதுறன்." நான் ஓயின் பக்கம் திரும்பினேன். "யாரோடு இருக்கிறாள்?"

"பிள்ளை பிம், குறோஸ முட்டரோடு."

"எவ்வளவு காலமாக?"

"பிம் எட்டு மாதம். நான் பாங்கொக் போக. தையல் தொழிற்சாலை. பிறகு இங்கே. பிம் எப்போதும் குறோஸ முட்டர், குறோஸ ஃபாட்டர்."

குறோஸ என்றால் பெரிய. முட்டர் என்றால் அம்மா. ஃபாட்டர், அப்பா. பெரிய அம்மா, பெரிய அப்பா. பெரியம்மா, பெரியப்பா. அதற்கு மேல் ஒரு கேள்வியும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது.

எனக்கு மூன்று வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் ஜேர்மனிக்கு ஓடி வந்தார்கள். என்னை எங்கள் ஊரான அளவெட்டியில் அம்மாவின் மூத்த அக்காவிடம் விட்டார்கள். ஐந்து வருடம் பெரியம்மாதான் என்னை வளர்த்தார். ஊரை நினைத்து உருக எனக்கு விருப்பமில்லை. பெரியம்மா தலை இழுத்துச் சீவும்போது நோகும், படிக்காவிட்டால் பூவரசம் தடியால் அடிப்பார், காய்ச்சல் வந்தால் இரவு முழுக்கத் திட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பார். அவ்வளவுதான். எட்டு வயதில் என்னை ஒரு தெரியாத மாமாவுடன் விமானத்தில் ஏற்றினார்கள். ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு பெண் அழுதுகொண்டு என்னைத் தூக்கினார். அவர்தான் அம்மா என்று எனக்குப் படம் காட்டிச் சொல்லியிருந்தார்கள். ஒரு வருடம் நான் அவரை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று செருமுவேன்.

எனவே ஓய் 'குறோஸ முட்டர்' என்று சொன்னபோது, யசோதோனில் நான் கண்டது அளவெட்டியை. இரண்டு மணி நேரத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். "எட்டு மாதத்திலிருந்து குழந்தை என் மூத்த சகோதரியினதும் அவருடைய கணவரினதும் பராமரிப்பில் வளர்கிறது. அவரையே அது தன் தாயாகக் கருதுகிறது. இன்னும் காலம் தாழ்த்தினால், பெற்ற தாய் அதற்கு ஓர் அந்நியப் பெண்ணாகவே எஞ்சுவாள்." அந்த வாக்கியம் ஜேர்மனில் ஒரே மூச்சில் ஓடி, வினைச்சொல் கடைசியில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. என் பேராசிரியர் பார்த்திருந்தால் ஓரத்தில் சரி போட்டிருப்பார்.

ஓய்க்கு வாசித்துக் காட்டினேன். வேகமாகத்தான் வாசித்தேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"நல்லா இருக்கிறதா?"

"அழகு," என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து பதில் மே கடைசியில் வந்தது. ஓய் வேலை முடிந்து அம்மாவோடு நேரே வந்தாள். இரண்டு பேரிடமும் சலவைத் தூளும் சூட்டு நீராவியும் மணத்தன. கடிதத்தை மடித்து மார்புப் பக்கமாக உடுப்புக்குள் வைத்திருந்தாள். ஈரமாக இருந்தது.

நான் வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குக் காது சூடாகியது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"இந்த அலுவலக ஆக்களுக்கு வாசிக்கத் தெரியாது. அதுதான். 'உங்கள் மகள் உங்கள் மூத்த சகோதரியிடம் வளர்வதாக எழுதியிருக்கிறீர்கள். கோப்பிலுள்ள குடும்பப் பதிவின்படி உங்களுக்குச் சகோதரி இல்லை.' கோப்பைக் கூட ஒழுங்காய்ப் பாக்கேல்லை. எங்கட ஆக்களெண்டா பொய்தான் சொல்லுவினம் எண்டு முதலே முடிவு. இவங்களுக்குப் படிச்ச ஆக்கள் எழுதினாலும் ஒண்டுதான், படியாத ஆக்கள் எழுதினாலும் ஒண்டுதான்..."

"மிச்சத்தை வாசி."

"'மேலும், குழந்தை வேறொருவரைத் தாயாகக் கருதுவதாக நீங்களே கூறுகிறீர்கள். அப்படியானால் குழந்தையை அவரிடமிருந்து பிரிப்பது அதன் நன்மைக்கு உகந்ததா என்பதை நேரில் விளக்க வேண்டும். சந்திப்பு நேரம், ஜூன் பதினான்கு, காலை பத்து மணி.'"

அம்மா சட்டியைக் கீழே வைத்தார்.

"கவி, நீ என்னெண்டு எழுதினனீ?"

"அவ சொன்னதைத்தான். பிள்ளை பெரியம்மாவோட இருக்கு எண்டு."

"ஆரின்ர பெரியம்மா?"

"பிள்ளையின்ர. ஓயின்ர அக்கா."

"இவளுக்கேதடி அக்கா? ஒரேயொரு தம்பி. பிள்ளையை வச்சிருக்கிறது இவளின்ர தாயும் தேப்பனும். ரெண்டு வருசமா விரிப்பு மடிச்சு மடிச்சு இதைத்தானே கதைக்கிறம்."

நான் ஓயைப் பார்த்தேன். பேச்சு அவளைப் பற்றியது என்று தெரிந்து அவள் எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறோஸ முட்டர் என்பது யார்?" என்று கேட்டேன். ஏப்ரலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"என் அம்மா," என்றாள் ஓய். விரலால் மேசையில் எழுதிக் காட்டினாள். அவர்கள் ஊர்ப்பக்கத்தில் பாட்டியை 'மே யாய்' என்பார்களாம். மே, அம்மா. யாய், பெரிய. அகராதியில் பார்த்து ஒவ்வொரு துண்டாக ஜேர்மனுக்கு மாற்றியிருக்கிறாள். பெரிய. அம்மா.

ஜேர்மனில் பாட்டிக்குக் குறோஸ்முட்டர் என்று பெயர். அவள் சொன்னது குறோஸ முட்டர். தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியும் ஓர் இடைவெளியும்தான். இந்த நாட்டில் எந்த மடையனும் அதைக் கேட்டவுடன் பாட்டி என்றுதான் எடுத்திருப்பான். அன்று பின்னேரம் மன்ஃப்ரெட் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து தொலைபேசியில் எடுத்தபோது, "குறோஸ முட்டரா? அது குறோஸ்முட்டர்தானே, வேறென்ன?" என்று சிரித்தார். லொறிச் சாரதிக்குத் தெரிந்திருந்தது. சலவைக்காரிக்குத் தெரிந்திருந்தது. எம்.ஏ.க்குத்தான் தெரியவில்லை.

"அண்டைக்கு நான் பக்கத்திலதான் நிண்டனான்," என்றார் அம்மா. "வாய் திறக்க விட்டியே? 'பொறுங்கோ, நான் எழுதுறன்' எண்டனீ."

"சரி அம்மா."

"தாயாகக் கருதுது எண்டு இவளே சொன்னவள்? அதுவும் நீயோ?"

நான் கடிதத்தை மடித்தேன். அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஓய்க்குச் சோறு போட்டார்.

உலகக் கிண்ணக் காலம். பதினான்காம் திகதி காலை டிராமில் பாதிப் பேர் கன்னத்தில் கொடி வரைந்திருந்தார்கள். நானும் ஓயும் சன்னல் பக்கம் உட்கார்ந்தோம். அவள் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவளைப் போலப் பட்டுச் சட்டை போட்டிருந்தாள். பொத்தான்கள் கழுத்து வரை பூட்டியிருந்தன.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. சகோதரி என்று எழுதியது மொழிபெயர்ப்புத் தவறு என்று சொல்லலாம். அதை நம்புவார்கள், பாட்டி என்பது பத்திரங்களில் இருக்கிறது. ஆபத்து மற்ற வாக்கியத்தில் இருந்தது. பிள்ளைக்குத் தாய் அங்கே இருக்கிறாள் என்று நாங்களே எழுதிக் கொடுத்தால், இங்கே எதற்குக் கொண்டு வருகிறாய் என்று கேட்பார்கள். மறுத்துவிட்டால் பள்ளிக்கூடம் போய்விடும், ஒரு வருடம் போய்விடும், அடுத்த விண்ணப்பத்தை இந்தப் பழைய கடிதம் பின்னாலேயே வந்து கடிக்கும்.

"ஓய், கேளுங்கள். பிம் பாட்டியைத் தாயாக நினைக்கிறாளா என்று கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள். அது நான் கூட்டி எழுதியது. புரிகிறதா? இல்லை. ஒரே சொல்."

"இல்லை," என்று சொல்லிப் பார்த்தாள். "ஒரே சொல்."

"ஓம்."

"ஓம்," என்றாள். அம்மாவிடமிருந்து பழகிய ஓம். தமிழில் அவளுக்குத் தெரிந்தது அதுவும், முடியாது என்பதற்கு 'ஏலாது'வும்தான். சலவைப் பகுதியில் அந்த இரண்டும் போதும் போலிருக்கிறது.

அலுவலர் பெண்ணின் பெயர் லிண்ட்னர். ஐம்பது தாண்டியவர், கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி. எனக்கு வேண்டிய கடுகடுத்த முகம் அவருக்கு இல்லை. சண்டை போடத் தயாராக ஒரு வாரம் சட்டப் பிரிவுகளை வாசித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் எழுந்து கை கொடுத்து, நாற்காலியைக் காட்டி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"கடிதத்தை எழுதியது யார்?"

"நான்," என்றேன்.

"அழகான ஜேர்மன்."

குத்துகிறாரா என்று பார்த்தேன். இல்லை.

"அது தவறு," என்றேன். "என் தவறு. இவர் பெரிய அம்மா என்றுதான் சொன்னார். என் மொழியில் பெரிய அம்மா என்றால் தாயின் மூத்த சகோதரி. நான் கேட்காமல் சகோதரி என்று எழுதிவிட்டேன். அவர் பாட்டி."

லிண்ட்னர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்படியானால் உங்கள் மொழியில் பாட்டிக்கு என்ன சொல்வீர்கள்?"

"அம்மம்மா. தாயின் தாய்."

"தாயின் தாய். அது எங்களுடையதைவிட ஒழுங்கு." ஒரு தாளில் எதையோ எழுதினார். "இதை எனக்கு எழுத்தில் தர வேண்டும். என்ன நினைத்து, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று. உங்கள் பெயரும் கையெழுத்தும் வேண்டும். தருவீர்களா?"

கல்வித் தகைமையையும் போட வேண்டுமா என்று கேட்க வாய் வந்தது. அடக்கினேன். "தருகிறேன்."

அவர் நாற்காலியை ஓயின் பக்கம் திருப்பினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டுக் கேட்டார். "கடிதத்தில் இன்னொன்று இருக்கிறது. பிம் அவரைத் தன் தாயாக நினைக்கிறாள் என்று. அது சரியா?"

நான் ஓயின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சொல்.

"ஆம்," என்றாள் ஓய்.

வாயைத் திறந்தேன். லிண்ட்னர் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தினார். நான் மூடிக்கொண்டேன். ஏப்ரலில் அம்மாவுக்கு நான் செய்ததும் இதுதான்.

"அவர் தாய் என்றால், நீங்கள்?"

"நானும் தாய்," என்றாள் ஓய். "மே யாய். மே. இரண்டு." இரண்டு விரலைக் காட்டினாள்.

"பிம் இங்கே வந்தால் என்ன செய்வாள்?"

"அழ."

"எவ்வளவு காலம்?"

"தெரியாது. நீளம்."

"அது தெரிந்தும் கூப்பிடுகிறீர்களா?"

ஓய் பட்டுச் சட்டையின் கைப்பட்டியை மேலே தள்ளினாள். தன் இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்தாள். கையைப் பிடிப்பதைப் போல அல்ல, மணிக்கட்டை.

"என் அம்மா கண் இல்லை. இரண்டு கண்ணும். வெள்ளை. அப்பா விடிய வயல், இருட்ட வீடு. பிம் இப்படிப் பிடிக்க. சந்தை போக, பிம். கோயில் போக, பிம். கக்கூஸ் போக, பிம். அடுப்பு, பிம். பிம் ஆறு வயது." மணிக்கட்டைப் பிடித்தபடி நாற்காலியிலேயே கொஞ்சம் முன்னால் சாய்ந்து இழுத்துக் காட்டினாள். "பள்ளி அங்கேயும் இருக்கு. பிம் போகாது. அம்மா தனியே என்று ஓடி வருது. அம்மா தொலைபேசியில் சொல்ல, ஓய், பிள்ளையைக் கொண்டு போ. இது என் கண் இல்லை, பிள்ளை. கொண்டு போ."

"பிறகு உங்கள் அம்மாவை யார் பார்ப்பார்கள்?"

"தம்பி பாங்கொக்கிலிருந்து திரும்ப. மனைவி, குழந்தை. அம்மா வீடு. இப்போதே வந்தாச்சு."

லிண்ட்னர் நிறைய நேரம் எழுதினார். சன்னலுக்கு வெளியே யாரோ ஊதல் ஊதிக்கொண்டு போனார்கள். இதில் ஒரு சொல்லும் என் இரண்டு பக்கக் கடிதத்தில் இல்லை. கண் இல்லை, தம்பி இல்லை, சந்தை இல்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் எனக்கும் தெரிந்திருக்கும். படித்தவர்கள் எங்களைக் கேட்பதில்லை என்று அலுவலகங்களைப் பற்றி நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்.

"நீங்கள் இப்போது சொன்னதை நான் பதிவு செய்திருக்கிறேன்," என்றார் லிண்ட்னர். அதை மெதுவாக, எளிய ஜேர்மனில் வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் ஓய் தடுத்தாள். "தாய், இரண்டு," என்றாள். லிண்ட்னர் அதைச் சேர்த்தார். "தம்பி அங்கே குடியிருப்பதற்கு ஊர்ப் பதிவும் உங்கள் அம்மாவின் மருத்துவச் சீட்டும் வேண்டும். அவையும் இவருடைய கடிதமும் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தூதரகத்துக்கு எழுதுகிறேன்."

வெளியே வந்ததும் ஓய் கேட்டாள், "கோபமா?"

"நீங்கள் இல்லை என்று சொல்வதாகத்தானே பேச்சு?"

"பொய் சொல்ல ஏலாது," என்றாள். பிறகு சிரித்தாள். "மே யாய் கண் இல்லை, காது இருக்கு."

என் கடிதத்தை அடுத்த நாள் பின்னேரம் எழுதினேன். ஒரு பக்கம். முதல் தடவையாக எனக்கு ஜேர்மன் ஓடவில்லை. அம்மா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்து கால்களை மற்ற நாற்காலியில் போட்டார்.

"வாசி. தமிழில வாசி."

"இது லிண்ட்னரின்ர கந்தோருக்கு அம்மா."

"அதுதான். வாசி."

தமிழாக்கி வாசித்தேன். 'நான் கவிசா மகேந்திரராஜா. மூன்று வயது முதல் எட்டு வயது வரை என் தாயின் மூத்த சகோதரியால் வளர்க்கப்பட்டேன். என் மொழியில் அவரைப் பெரியம்மா, அதாவது பெரிய அம்மா, என்று அழைப்போம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் அவரையே நினைத்தேன். விண்ணப்பதாரியிடம் விசாரிக்காமல், என் சொந்த அனுபவத்தை அவருடைய கடிதத்தில் எழுதிவிட்டேன். அதற்கு வருந்துகிறேன்.'

அம்மா கால்விரல்களை அசைத்துக்கொண்டிருந்தார்.

"அந்நியப் பெண் எண்டு எழுதினது?"

"அதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஓய் அந்தக் கடிதத்தின்ர கொப்பியை மன்ஃப்ரெட்டிட்டைக் குடுத்து வாசிப்பிச்சிருக்கிறாள். அவன் சொல்லிக் குடுத்திருக்கிறான். அவள் எனக்குச் சொன்னவள். விரிப்பு மடிக்கேக்கை." அம்மா குரலை உயர்த்தவில்லை. "பெத்தவள் அந்நியப் பெண்ணாய் எஞ்சுவாளாம். அவளுக்கு விளங்கேல்லை, ஏன் கவி அப்பிடி எழுதினது எண்டு கேட்டாள். நான் எனக்கும் விளங்கேல்லை எண்டனான்."

"அம்மா..."

"எனக்கு விளங்கினது."

தண்ணீர்க் கேத்தல் கொதித்துத் தானாக நின்றது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

"நான் வந்து நிண்டு செருமுவன், என்ன?" என்றேன்.

"ஓம். முதல் மாசம் நான் உனக்குத் தடிமன், இருமல் எண்டு நினைச்சு மருந்து பருக்கினனான்." அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்து பாதியில் நின்றது. "பிறகு விளங்கிச்சு. விளங்கினாப் பிறகும் மருந்து தந்தனான். வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"அது நல்ல கசப்பு."

"அக்காவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டனான், பிள்ளை என்னைக் கூப்பிடுதில்லை, என்ன செய்ய எண்டு. 'அவள் என்னையும் முதல் ஒரு வருசம் கூப்பிடேல்லை, பொறு' எண்டு எழுதினவ."

இது எனக்குத் தெரியாது. பதினேழு வருடமாக இந்த வீட்டில் இருந்திருக்கிறேன், தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

"கடைசி வரியை அப்பிடியே விடு," என்றார் அம்மா. "வருந்துகிறன் எண்டது நல்லாயிருக்கு." எழும்பித் தேநீர் போட்டார்.

பிம் ஓகஸ்ட் முதல் கிழமையில் வந்தாள். ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்துக்கு மன்ஃப்ரெட் எங்களைக் காரில் ஏற்றிப் போனார். பிறகு கார் நிறுத்திய இடத்திலேயே நிற்பதாகச் சொல்லிவிட்டார். பிள்ளை முதலில் தாயைப் பார்க்கட்டும், இந்த மீசையைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும் என்றார். அம்மா ஒரு பையில் இட்லியும் சீனிச் சம்பலும் கொண்டு வந்திருந்தார். யாருக்கு என்று கேட்டால், "பிள்ளைக்குப் பசிக்காதோ?" என்றார்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் விமானப் பணிப்பெண் ஒருத்தியின் பக்கத்தில், கழுத்தில் பிளாஸ்டிக் அட்டை தொங்க, பிம் வந்தாள். மெலிந்த சின்னப் பிள்ளை. தலைமயிர் நெற்றியில் நேராக வெட்டியிருந்தது. ஓய் இரண்டு அடி முன்னால் போனாள். பிம் ஓடி வரவில்லை. நின்றாள். இரண்டு கைகளையும் கூப்பித் தாயை வணங்கினாள், ஓய் முதல் நாள் எங்கள் கதவடியில் என்னை வணங்கியதைப் போல.

"நீயும் இப்பிடித்தான்," என்றார் அம்மா என் காதுக்குள். "செருப்பையே பாத்துக்கொண்டு நிண்டனீ. நான்தான் ஓடி வந்து தூக்கிப்போட்டன். தூக்கியிருக்கக் கூடாது."

ஓய் தூக்கவில்லை. பிள்ளைக்கு முன்னால் குந்தினாள். பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, தொலைபேசி அட்டையிலிருந்த நீளமான எண்ணை அழுத்தி, காத்திருந்து, இரண்டு சொல் பேசிவிட்டுப் பிள்ளையின் காதில் வைத்தாள்.

பிம் கேட்டாள். "மே யாய்" என்றாள். பிறகு பேசத் தொடங்கினாள், ஒரே வேகத்தில், மூச்சு விடாமல். எனக்கு விளங்கிய சொல் அது ஒன்றுதான், அது திரும்பத் திரும்ப வந்தது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். பணிப்பெண் ஒரு தாளை நீட்டினாள், ஓய் குந்தியபடியே முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பிம் அழுதாள். அழுதுகொண்டே பேசினாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கால் மணி நேரம் இருக்கும்.

தொலைபேசி அட்டையின் காசு முடிந்து பேச்சு தானாக அறுந்தது. பிம் அதைப் பார்த்தாள், தாயிடம் திருப்பிக் கொடுத்தாள். முகத்தைச் சட்டையின் தோளில் துடைத்தாள்.

பிறகு ஓயின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். மணிக்கட்டைத்தான். இறுக்கிப் பிடித்து, ஓர் அடி முன்னால், பார்வையில்லாத ஒருவரைக் கூட்டிப் போவதைப் போல, சனக் கூட்டத்துக்குள் வழி பார்த்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"எங்க போகுதுகள்?" என்றார் அம்மா. "கார் மற்றப் பக்கமெல்லோ. சொல்லன், கவி."

"அவவுக்குத் தெரியும், அம்மா."

ஓய்க்குத் தெரிந்துதான் இருந்தது. ஒரு தடவை திரும்பி எங்களைப் பார்த்தாள். பிள்ளையைத் திருப்பாமல் அதன் பின்னாலேயே போனாள். நான் பெட்டியை எடுத்தேன், அம்மா இட்லிப் பையை எடுத்தார், நாங்களும் அந்தப் பக்கமாகவே நடந்தோம்.